தடை உத்தரவுக்குக் காலாவதித் தேதி உண்டா?

கேள்வி:

வழக்கறிஞர் அம்மா, இது என் தங்கையைப் பற்றிய கடிதம். கல்யாணமாகி ஒன்பது வருஷம், இரண்டு பிள்ளைகள். அடி, உதை எல்லாவற்றையும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆடி மாசம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் அம்மா வீட்டுத் தெருவிலேயே ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டாள். ஜவுளிக் கடையில் பில் போடும் வேலை. குடும்ப வன்முறைச் சட்டத்தில் டி.வி. கேஸ் போட்டோம். முதல் நாளே மாஜிஸ்திரேட் அம்மா, மாப்பிள்ளையைக் கூப்பிடாமலே ஒரு உத்தரவு போட்டார்கள். வீட்டுப் பக்கம் வரக் கூடாது, கடைப் பக்கம் வரக் கூடாது, போன் பண்ணக் கூடாது என்று. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் தூங்கினாள்.

அடுத்த வாய்தா அன்று மாஜிஸ்திரேட் லீவு. கேஸ் ஒரு மாதம் தள்ளிப் போனது. அந்த வாரமே ஒரு ராத்திரி மாப்பிள்ளை குடித்துவிட்டு வந்து, திண்ணையில் ஏறிக் கதவை உதைத்து, "வெளிய வந்தா கொன்னுடுவேன்" என்று கத்தினார். ஸ்டேஷனுக்கு ஓடினோம். ரைட்டர் உத்தரவைப் படித்துப் பார்த்துவிட்டு, "இதுல 18-ந் தேதி வரைக்கும்னுதானே போட்டிருக்கு? தேதி முடிஞ்சு போச்சும்மா, புதுசா வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

பாதுகாப்பு உத்தரவு என்றால் எத்தனை நாளைக்குப் பாதுகாப்பு? ஏன் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறார்கள்? இன்னொரு பக்கம் மாப்பிள்ளையின் அண்ணன், "என் தம்பியை ஒரு வார்த்தை கேட்காமலே இப்படி உத்தரவு போட்டதே தப்பு, இதில் வருஷக்கணக்கில் வேறு வேண்டுமா?" என்கிறார். அதற்கும் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்:

முதலில் இன்றைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எத்தனை நாள் என்கிற விவாதத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

உத்தரவின் தேதி முடிந்திருக்கலாம். அதனால் திண்ணையேறிக் கதவை உதைத்ததும் கொலை மிரட்டல் விட்டதும் குற்றமில்லை என்று ஆகிவிடாது. வாடகை வீடு உங்கள் தங்கையின் வசம் இருக்கிறது. அங்கே வந்து மிரட்டினால் பாரதிய நியாய சன்ஹிதாவில் அத்துமீறலுக்கு 329, மிரட்டலுக்கு 351, கணவன் செய்யும் கொடுமைக்கு 85 என்று பிரிவுகள் இருக்கின்றன. குடும்ப வன்முறைச் சட்டத்தின் உத்தரவு கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவை பொருந்தும். அந்தச் சட்டத்தின் 36-ஆம் பிரிவே, மற்ற சட்டங்களுக்கு மேலதிகமாகத்தான் இது, அவற்றைக் குறைப்பதற்கு அல்ல என்று சொல்கிறது. நீங்கள் ஸ்டேஷனில் "உத்தரவை மீறிவிட்டார்" என்று சொல்லியிருப்பீர்கள். ரைட்டர் அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லி அனுப்பிவிட்டார். நடந்த சம்பவத்தைத் தனிப் புகாராக, தேதி, நேரம், பார்த்தவர்கள் பெயரோடு எழுதிக் கொடுங்கள். வாங்க மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. ஒரு நகல் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலருக்கும் போகட்டும். ராத்திரியில் மறுபடி வந்தால் யோசிக்காமல் 112. பேசவும் வழி கேட்கவும் தங்குமிடம் வேண்டுமென்றாலும் 181.

அடுத்தது, ஒரு மாதம் கழித்து வரும் வாய்தா வரை காத்திருக்க வேண்டாம். வழக்கை முன்கூட்டி எடுத்துக்கொள்ளும்படி ஒரு மனு, இடைக்கால உத்தரவை நீட்டிக்கும்படி ஒரு மனு, இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். மாஜிஸ்திரேட் இன்னும் விடுப்பில் இருந்தாலும் பொறுப்பு நீதிபதி ஒருவர் இருப்பார். அவர் முன்னால் வைக்கலாம். அன்று இரவு நடந்ததை ஒரு பிரமாணப் பத்திரமாக எழுதி மனுவோடு இணையுங்கள். உத்தரவு இல்லாமல்போன சில நாட்களுக்குள்ளேயே அவர் வந்து நின்றார் என்பது, அந்த உத்தரவு ஏன் வேண்டும் என்பதற்கு நீங்கள் தரக்கூடிய வலுவான சாட்சியம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தை முதல் பிரிவிலிருந்து கடைசிப் பிரிவு வரை படித்துப் பாருங்கள். இடைக்கால உத்தரவு இத்தனை நாளைக்குத்தான் என்று ஓர் எண் எங்கேயும் இல்லை. 23-ஆம் பிரிவு, வழக்கு நடக்கும்போது நியாயமெனத் தோன்றும் இடைக்கால உத்தரவை நடுவர் போடலாம் என்கிறது. மனுவைப் பார்த்தவுடனேயே வன்முறை நடந்திருக்கிறது, அல்லது நடக்கக்கூடும் என்று தெரிந்தால், எதிர்மனுதாரரைக் கேட்காமலே, அந்தப் பெண்ணின் பிரமாணப் பத்திரத்தை மட்டும் வைத்து உத்தரவு போடவும் அதே பிரிவு அதிகாரம் தருகிறது. உங்கள் தங்கைக்குக் கிடைத்தது அதுதான். வழக்கு முழுக்க நடந்து முடிந்து 18-ஆம் பிரிவின்கீழ் வரும் பாதுகாப்பு உத்தரவுக்கோ, 25-ஆம் பிரிவு தெளிவாக ஒரு ஆயுளைச் சொல்லிவிட்டது. அந்தப் பெண்ணே வந்து "இனி எனக்கு இது வேண்டாம்" என்று மனு கொடுக்கும்வரை அது நிற்கும். வருடக் கணக்கு கிடையாது, புதுப்பிக்க வேண்டியதும் கிடையாது. இலங்கையில் அதே 2005-இல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இறுதிப் பாதுகாப்புக் கட்டளைக்குக்கூட 12 மாதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் நம் சட்டம் இந்த விஷயத்தில் எவ்வளவு துணிச்சலானது என்று புரியும்.

அப்படியென்றால் அந்த "18-ந் தேதி வரை" எங்கிருந்து வந்தது? சட்டத்திலிருந்து வரவில்லை. உத்தரவை எழுதும் பழக்கத்திலிருந்து வந்தது. எதிர்த்தரப்பைக் கேட்காமல் போடும் உத்தரவை அடுத்த வாய்தா வரை என்று எழுதுவது சிவில் நீதிமன்றங்களில் பல காலமாக இருக்கும் வழக்கம். எதிர்த்தரப்பு வந்து சொல்ல வேண்டியதைச் சொல்லட்டும், பிறகு நீட்டிக்கலாமா என்று பார்க்கலாம் என்பது அதன் பின்னால் இருக்கும் எண்ணம். நிலத் தகராறில் இதனால் பெரிய கேடு வராது. தேதி தவறினால் வேலியை ஒரு முழம் தள்ளிப் போடுவார்கள், பிறகு இடிக்கச் சொல்லலாம். உங்கள் தங்கையின் கதவுக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே பிறகு என்று ஒன்று இல்லை.

வாய்தா அன்று நீதிபதி விடுப்பு என்றால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். காலையில் பெஞ்ச் கிளார்க் வழக்கு எண்களை வரிசையாகக் கூப்பிடுவார். ஒவ்வொரு கட்டையும் எடுத்து "நீதிபதி விடுப்பு, வழக்கு ஒத்திவைப்பு" என்று ஒரு வரியும் புதுத் தேதியும் குறிக்கப்படும். பத்தரைக்குத் தொடங்கி பதினொன்றுக்குள் எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்துவிடும். அந்த ஒற்றை வரியின் பக்கத்தில் "இடைக்கால உத்தரவு அதுவரை நீட்டிக்கப்படுகிறது" என்ற சொற்கள் இருக்கின்றனவா இல்லையா என்பதில்தான் உங்கள் தங்கையின் அடுத்த ஒரு மாதம் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எழுதும் அதிகாரம் கிளார்க்குக்குக் கிடையாது. பொறுப்பு நீதிபதிக்கு உண்டு. ஆனால் யாராவது போய்க் கேட்டால்தான் எழுதுவார். வக்கீல் அன்று வேறு கோர்ட்டில் இருந்தார், ஜூனியர் தேதியை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றால், யாரும் எந்தத் தப்பும் செய்யாமலே ஒரு உத்தரவு செத்துப்போகிறது. முப்பது வருடமாகக் கோர்ட் வராந்தாவில் நிற்கிறவள் நான். என்னை அதிகம் கோபப்படுத்தும் விஷயங்களில் இது ஒன்று.

சட்டம் போட்ட கணக்கு வேறு. மனு கிடைத்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணைத் தேதி இருக்க வேண்டும் என்கிறது 12-ஆம் பிரிவு. முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் மனுவை முடித்துவிட நடுவர் முயல வேண்டும் என்கிறது அதே பிரிவு. பாதுகாப்பு அலுவலர் இரண்டு நாளுக்குள் நோட்டீஸைச் சேர்ப்பிக்க வேண்டும் என்கிறது 13-ஆம் பிரிவு. இந்த மூன்றும் சொன்னபடி நடந்தால், இடைக்கால உத்தரவு எத்தனை நாளைக்கு என்ற கேள்வியே எழாது. இரண்டு மாதத்தில் இறுதி உத்தரவு வந்துவிடும், அதற்கோ முடிவுத் தேதியே இல்லை. நடைமுறையில் நோட்டீஸ் "வீடு பூட்டியிருக்கிறது" என்று திரும்பி வரும். கவுண்டர் போட ஒரு வாய்தா, சமரச மையத்துக்கு இரண்டு வாய்தா, வக்கீல்கள் நீதிமன்றப் புறக்கணிப்பு ஒரு வாய்தா என்று 60 நாள் எங்கேயோ போய்விடும். தாமதம் நீதிமன்றத்தினுடையது. காலாவதியாவது மட்டும் பாதுகாப்பு. இந்தக் கணக்கில்தான் எனக்கு உடன்பாடில்லை.

வெளிநாடுகளில் குறுகிய கால உத்தரவு இல்லையா என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், நடு ராத்திரியில் சம்பவ இடத்துக்குப் போகும் போலீஸ்காரர் போனிலேயே பணியில் இருக்கும் நீதிபதியைக் கூப்பிட்டு அவசரப் பாதுகாப்பு உத்தரவு வாங்கிவிடலாம். ஐந்து கோர்ட் வேலைநாள் அல்லது ஏழு நாட்காட்டி நாள், எது முதலில் முடிகிறதோ அதுவரை அது செல்லும். இங்கிலாந்தில் போலீஸே கொடுத்த நோட்டீஸ் 48 மணி நேரத்துக்குச் செல்லும் என்றும், அதற்குள் நடுவர் நீதிமன்றத்துக்குப் போனால் 14 முதல் 28 நாள் வரை உத்தரவு கிடைக்கும் என்றும் ஓர் ஏற்பாட்டை 2014-இலிருந்து நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். நம் தமிழர்கள் நிறைய வாழும் மலேசியாவில் 2018 முதல் சமூகநல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம், அது ஏழு நாள். சிங்கப்பூரில் விரைவு உத்தரவு என்பது 28 நாள்.

ஏழு நாள், 28 நாள் என்று கேட்டால் நமக்குக் குறைவாகத்தான் தெரிகிறது. ஆனால் கலிஃபோர்னியாவில் அந்த ஐந்து நாள் எதற்கு என்றால், பாதிக்கப்பட்ட பெண் கோர்ட் ஜன்னலுக்குப் போய் அடுத்த உத்தரவுக்கு மனுப் போடுவதற்கு. அந்த அடுத்த உத்தரவு விசாரணைத் தேதி வரை நீளும், விசாரணையும் மூன்று நான்கு வாரத்துக்குள் வைக்கப்படும். சிங்கப்பூரில் 28 நாள் முடிந்தும் விசாரணை முடியாவிட்டால் நீதிமன்றம் நீட்டிக்கலாம். ஒரு உத்தரவு முடிகிற இடத்தில் இன்னொரு உத்தரவு தொடங்கும்படி கட்டியிருப்பதால்தான் அங்கே சின்ன எண்கள் வேலை செய்கின்றன. அந்தக் கட்டுமானம் இல்லாத ஊரில் எண்ணை மட்டும் இரவல் வாங்கினால் நடுவில் வெற்றிடம்தான் மிஞ்சும். உங்கள் தங்கை மாட்டிக்கொண்டது அந்த வெற்றிடத்தில்.

ஆகவே எத்தனை நாள் என்று என்னைக் கேட்டால், நான் நாட்கணக்கு சொல்ல மாட்டேன். அவசர உத்தரவு, அதன் இடத்தில் யோசித்து எழுதப்பட்ட இன்னொரு உத்தரவு வரும்வரை நிற்க வேண்டும். அந்த அடுத்த உத்தரவு அவளுக்குச் சாதகமாகவும் இருக்கலாம், பாதகமாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு நீதிபதி இரு தரப்பையும் கேட்டு எழுதிய வரியால்தான் பாதுகாப்பு முடிய வேண்டுமே தவிர, காலண்டரில் ஒரு தாள் கிழிந்ததால் முடியக் கூடாது. விசாரணைக்குத் தேதி வைக்க வேண்டும், சீக்கிரமே வைக்க வேண்டும். அந்தத் தேதி வழக்கைக் கேட்பதற்கான தேதியாக இருக்கட்டும், உத்தரவு சாவதற்கான தேதியாக வேண்டாம்.

இதற்கு உச்ச நீதிமன்றமே ஒரு வழியில் பலம் சேர்த்திருக்கிறது. 2018-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு, வழக்கு விசாரணைகளுக்குப் போடும் தடை உத்தரவுகள் ஆறு மாதத்தில் தானாகவே முடிந்துவிடும் என்று சொல்லியிருந்தது. 2024 பிப்ரவரி 29 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதை மாற்றியது. இடைக்கால உத்தரவு வாங்கியவர் எந்தத் தவறும் செய்யாதபோது, நீதிமன்றத்தால் வழக்கை எடுக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் அவருடைய உத்தரவு தானாகக் கலைவது நியாயமில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அது வேறு வகைத் தடை உத்தரவுகளைப் பற்றியது, உங்கள் வழக்குக்கு நேராகப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கம்பெனிகளுக்கும் அதிகாரிகளுக்கும் கிடைக்கும் தடைக்கே இந்த நியாயம் உண்டென்றால், உயிருக்குப் பயந்து நிற்கும் பெண்ணுக்கு அது இரண்டு மடங்கு உண்டு என்று உங்கள் வக்கீல் வாதாடலாம். 2020 ஊரடங்கில் கோர்ட்டுகள் பூட்டிக் கிடந்தபோது உயர் நீதிமன்றங்கள் பல, நிலுவையில் இருந்த இடைக்கால உத்தரவுகளை மொத்தமாக நீட்டித்தன. ஊர் முழுக்கக் கதவடைத்தபோது தோன்றிய நியாயம், ஒரு நீதிபதி ஒரு நாள் விடுப்பு எடுக்கும்போதும் தோன்ற வேண்டும்.

மாப்பிள்ளையின் அண்ணனுக்கு வருகிறேன். அவர் கேள்வியைத் தள்ளிவிட வேண்டாம். ஒருவரைக் கேட்காமல் அவருக்கு எதிராக உத்தரவு போடுவது சட்டத்தில் விதிவிலக்கு, அதைக் கவனமாகத்தான் பயன்படுத்த வேண்டும். பொய் மனுக்களும் கோர்ட்டுக்கு வருகின்றன, நான் பார்த்திருக்கிறேன். அவர் தம்பிக்கு வழி அடைபடவில்லை. அடுத்த நாளே வந்து தன் பக்கத்தைச் சொல்லி உத்தரவை ரத்து செய்யக் கேட்கலாம். உத்தரவு சேர்ப்பிக்கப்பட்ட 30 நாளுக்குள் 29-ஆம் பிரிவின்படி அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். நிலைமை மாறியிருந்தால் 25-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் மாற்றவோ நீக்கவோ கேட்கலாம். 2024 செப்டம்பரில் கர்நாடகத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் நீதிபதி நாகரத்னா தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு இதைத் தெளிவுபடுத்தியது. நிலைமை மாறியது என்றால் உத்தரவு போட்ட பிறகு மாறியிருக்க வேண்டும், பழைய கதையைப் புதிதாகத் திறக்க முடியாது என்று சொன்னது.

அதோடு, இந்த உத்தரவு அவரிடம் என்ன கேட்கிறது என்று அண்ணனே யோசித்துப் பார்க்கட்டும். ஒரு வீட்டுக்கும் ஒரு கடைக்கும் போகாமல் இருக்கச் சொல்கிறது. போன் பண்ணாமல் இருக்கச் சொல்கிறது. இது தண்டனை இல்லை, குற்றவாளி என்ற முத்திரையும் இல்லை. அவர் வேலைக்குப் போவதையோ ஊரில் நடமாடுவதையோ இது தடுக்கவில்லை. பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமென்றால் நீதிமன்றத்தில் கேட்கலாம், 21-ஆம் பிரிவில் அதற்கும் இடமிருக்கிறது. உத்தரவை மீறினால்தான் 31-ஆம் பிரிவில் ஒரு வருடம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். இடைக்கால உத்தரவை மீறினாலும் அதே தண்டனை. போலீஸ் வாரண்டு இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் தருவது நீதிமன்றத்தின் விருப்பம். மீறாதவருக்கு இதில் ஒன்றும் இல்லை. விலகி நிற்கச் சொல்லும் உத்தரவு ஆறு மாதம் நீண்டாலும் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை என்று நான் துணிந்து சொல்வது இதனால்தான்.

ஒருவரை அவர் குடியிருக்கும் வீட்டைவிட்டே வெளியேறச் சொல்லும் உத்தரவு வேறு. அது கனமானது. அதை ஒருதலையாகப் போட்டால், ஒரு வாரத்துக்குள் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டே ஆக வேண்டும் என்பேன். ஆனாலும் தேவைப்பட்டால் அதையும் நீதிமன்றங்கள் செய்கின்றன. 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.என். மஞ்சுளா, வீட்டில் அமைதி திரும்ப வேறு வழியில்லை என்றால் கணவனை வீட்டைவிட்டு வெளியேற்றத் தயங்கக் கூடாது என்று தீர்ப்பு எழுதினார். ஒரே வீட்டுக்குள் இருக்க விட்டுவிட்டு "தொந்தரவு செய்யாதே" என்று மட்டும் எழுதிக் கொடுப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்று அவர் சுட்டிக்காட்டினார். எத்தனையோ உத்தரவுகளின் பலவீனத்தை அந்த ஒரு வரி சரியாகப் பிடித்துவிட்டது.

தேதி குறுகியதாக இருப்பதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அடிக்கிறவர்களும் நாட்காட்டி பார்க்கத் தெரிந்தவர்கள்தான். உத்தரவில் தேதி இருந்தால் அதுவரை நல்லபிள்ளையாக இருந்துவிட்டு, மறுநாள் வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டைவிட்டு வந்த பிறகான முதல் சில மாதங்கள்தான் பெண்ணுக்கு மிக ஆபத்தான காலம் என்பது இந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் அறிந்தது. இனி இவள் திரும்பமாட்டாள் என்று அவனுக்கு உறைக்கும் நாட்கள் அவை. நோட்டீஸ் கைக்குக் கிடைக்கும் நாள், சாட்சி சொல்லும் நாள், ஜீவனாம்சம் கட்டச் சொல்லி உத்தரவு வரும் நாள், இவை எல்லாமே கோபம் கொதிக்கும் நாட்கள். இவற்றில் எதுவும் மனுப் போட்ட இரண்டு வாரத்துக்குள் வந்துவிடுவதில்லை. பாதுகாப்பு அந்த நாட்களைத் தாண்டி நீள வேண்டும்.

போலீஸ் தரப்பில் சிலர் உங்களிடம், "இதெல்லாம் எதுக்கும்மா, ஆள வரச் சொல்லி எழுதி வாங்கிடறோம்" என்பார்கள். அல்லது பழைய 107 போடலாம் என்பார்கள். புதுச் சட்டத்தில் அது 126. அமைதி காப்பேன் என்று நிர்வாக நடுவர் முன்னால் எழுதிக்கொடுக்கும் பிணையம் அது, அதிகபட்சம் ஒரு வருடம். ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை. ஆனால் வீட்டுப் பக்கம் வராதே, போன் பண்ணாதே என்று பெயர் சொல்லிக் கட்டுப்படுத்தும் வேலையை அது செய்யாது. ஸ்டேஷனில் வெள்ளைத் தாளில் எழுதி வாங்குவதற்கோ சட்டத்தில் எந்த மதிப்பும் கிடையாது. டி.வி. கேஸின் உத்தரவை விட்டுவிட்டு இவற்றுக்கு இறங்கிவர வேண்டாம்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எதிரி கணவனோ உறவினரோ இல்லை, தெருவில் பின்தொடர்கிறவன், அல்லது கொடுத்த வழக்கை வாபஸ் வாங்கு என்று மிரட்டுகிறவன் என்றால் குடும்ப வன்முறைச் சட்டம் உதவாது. கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற கடுமையான வழக்குகளில் சாட்சிகளுக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்று நாடு முழுக்கச் சட்டமாக்கிய சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. அதில் ஒரு தடவைக்கு மூன்று மாதம்தான், மிரட்டல் தொடர்ந்தால் மறுபடி கேட்க வேண்டும். ஒரு கொலை வழக்கு நான்கைந்து வருடம் நடக்கும் நாட்டில், பயந்து நிற்கும் ஒரு குடும்பத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை "இன்னும் பயமாகத்தான் இருக்கிறது" என்று மனு எழுத வைப்பது எனக்குச் சம்மதமில்லை. ஆபத்து போய்விட்டது என்று காட்டும் பொறுப்பு போலீஸின் தலையில் இருக்க வேண்டும், வழக்கு முடியும்வரை பாதுகாப்பு நீள வேண்டும்.

உங்கள் தங்கை விஷயத்தில் சில சின்னச் சின்ன காரியங்கள், ஆனால் நாளைக்கு ராத்திரி உதவக்கூடியவை. உத்தரவின் நகலைக் கட்டணமில்லாமல் தர வேண்டும், அந்த எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்துக்கும் அனுப்ப வேண்டும் என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது. அனுப்பினார்களா என்று நீங்களே போய்க் கேளுங்கள். அம்மா வீட்டுத் தெருவும் ஜவுளிக் கடையும் வேறு வேறு ஸ்டேஷன் எல்லை என்றால் இரண்டு இடத்திலும் கொடுங்கள். கடை முதலாளியிடமும் ஒரு நகல் இருக்கட்டும். நாடு முழுக்க இந்த உத்தரவு செல்லும் என்று 27-ஆம் பிரிவு சொல்கிறது, எங்கே மாறிப்போனாலும் தாளை எடுத்துக்கொண்டு போங்கள். உத்தரவு அவர் கைக்குக் கிடைத்ததற்கான அத்தாட்சியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியாது என்று அவர் சொல்லித் தப்பிக்கும் வழி அங்கேதான் திறக்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வக்கீல் வராவிட்டாலும் உங்கள் தங்கையோ நீங்களோ போய் நில்லுங்கள். நீதிபதி விடுப்பு என்று தெரிந்தால் பொறுப்பு நீதிபதி யார் என்று கேட்டு, அவர் முன்னால் எழுந்து நின்று, "இடைக்கால உத்தரவை நீட்டிக்க வேண்டும் ஐயா" என்று நீங்களே கேட்கலாம். வாய் திறந்து கேட்கும் பெண்ணைப் பெரும்பாலான நீதிபதிகள் திருப்பி அனுப்புவதில்லை.

இப்போது போடப்போகும் நீட்டிப்பு மனுவில் கோரிக்கைப் பகுதியை உங்கள் வக்கீலிடம் வாங்கி ஒரு முறை படியுங்கள். "அடுத்த விசாரணைத் தேதி வரை" என்று இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில், "இந்த மனு இறுதியாக முடிவு செய்யப்படும்வரை, அல்லது இந்த நீதிமன்றம் மறு உத்தரவு பிறப்பிக்கும்வரை" என்று எழுதச் சொல்லுங்கள். நடுவர் உத்தரவைச் சொல்லும்போதும் அந்தச் சொற்கள் வருகின்றனவா என்று காது கொடுத்துக் கேளுங்கள். வராவிட்டால், கட்டு மூடப்படுவதற்கு முன்பே, அங்கேயே கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.